புறக் கருவிகளின் அகம்
(பித்தளை ஐவர் இசை: ஒரு மதிப்பீடு)

சனவரித் திங்கள் 29ஆம் நாள் மாலையில், தலைநகரின் விஜய் சௌக்கில் முப்படை வாத்தியக் குழுக்கள் நிகழ்த்தும் பாசறை திரும்பும் விழாவைக் கண்டவர்கள் நம்மில் பலர். குளிர்காற்றில் மின்னும் எக்காளங்களும், தோளைச் சுற்றி வளைந்து கிடக்கும் பெருங்குழல்களும் ஒருசேர முழங்கும்போது, வேடிக்கை பார்க்க வந்தவனும் தன்னை அறியாமல் நிமிர்ந்து நிற்கிறான். பித்தளைக் கருவிகளின் ஒலி செவியைக் கடந்து நேரே முதுகெலும்போடு பேசுகிறது. நட, நில், திரும்பு, வணங்கு என்னும் ஏவல்களே அவ்வொலியின் இலக்கணம் என்று நாமும் எண்ணிப் பழகிவிட்டோம்.

நம் இலக்கண மரபில் சொல்வதானால் இவை புறத்திணைக் கருவிகள். மேனாட்டிலும் கதை வேறன்று. படைக்கு எக்காளம், வேட்டைக்குக் கொம்பு, தேவாலயத்துச் சடங்குக்கு ட்ராம்போன் என்று நூற்றாண்டுக் கணக்கில் ஊரறிய ஒலித்த கருவிகள் அவை. அவற்றை ஒரு சிறு கூடத்துக்குள் கொண்டுவந்து, கோலெடுத்து வழிநடத்துவோர் எவருமின்றி, ஐந்து கலைஞர்கள் அரைவட்டமாக அமர்ந்து தமக்குள் பேசிக்கொள்வதுபோல வாசித்தால் என்ன ஆகும்? கடந்த எழுபதாண்டுகளுக்கும் மேலாக மேனாட்டு இசையமைப்பாளர் பலர் இவ்வினாவுக்கு விடை எழுதி வந்திருக்கிறார்கள். அவ்விடை தேறியதா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேனாட்டார் இவ்வகை இசையைச் ‘சேம்பர் மியூசிக்’ என்பர். சேம்பர் என்பது அறை. அறையிசை என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதும் உண்டு. ஆயின் வீடு, உள்ளிடம், நெஞ்சு என்னும் மூன்று பொருளையும் ஒருங்கே தரும் ‘அகம்’ என்ற சொல் நம்மிடம் இருக்கும்போது, அக இசை என்பதே பொருந்தும் எனத் தோன்றுகிறது. ஒரு குரலுக்கு ஒரு கலைஞர், நடத்துநர் இல்லை, எல்லாக் குரலுக்கும் ஒத்த மதிப்பு. அக இசையின் இலக்கணத்தை இம்மூன்று வரிகளில் அடக்கலாம். வயலின் இரண்டும், வியோலா ஒன்றும், செல்லோ ஒன்றுமாக நால்வர் கூடும் தந்திக் குழுவே இதற்கு உயர்ந்த எடுத்துக்காட்டாகக் கருதப்பட்டு வந்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவது முறை. நாம் மேனாட்டு இசைக்குறிப்பை வாசிக்கப் பயின்றவர்கள் அல்லர். இசைத்தட்டிலும் வானொலியிலும் பின்னர் குறுந்தகட்டிலும் பலமுறை கேட்டுப் பழகிய செவியே நமக்குள்ள தகுதி. யாப்பு அறியாதவனும் கவிதையில் தோயலாம் என்பதை ஒப்புக்கொள்வோர் இத்தகுதியையும் ஒப்புக்கொள்வர் என நம்புகிறோம்.

மூச்சும் உலோகமும்

இக்கருவிகளில் ஒலி பிறக்கும் முறையை அறியாமல் இவ்விசையின் அருமையை உணர முடியாது. புல்லாங்குழலில் காற்று துளையின் விளிம்பில் மோதி ஒலிக்கிறது. நாகசுரத்தில் சீவாளி அதிர்கிறது. பித்தளைக் கருவியிலோ அதிர்வது வாசிப்பவரின் உதடே. கிண்ணம் போன்ற வாய்ப்பகுதியில் உதடுகளை அழுத்தி அதிரச் செய்ய, குழல் அவ்வதிர்வை ஏற்றுப் பெருக்குகிறது. ஆகவே கருவியின் ஒரு பாதி உலோகம். மறுபாதி மனிதத் தசை.

நீளம் மாறாத குழலில் எல்லாச் சுரங்களும் கிடைக்கமாட்டா. ஓர் அடிச்சுரமும் அதன் மேற்சுரங்களுமே கிடைக்கும். கீழ்ஸ்தாயியில் அவற்றின் இடைவெளி பெரிது. மேலே போகப் போக நெருங்கி வரும். படையினரின் பியூகிள் இன்றும் இந்தச் சில சுரங்களைக் கொண்டே தன் வேலையை முடித்துக்கொள்கிறது. ஏவலுக்கு அவை போதும், உரையாடலுக்குப் போதா. இழுத்து நீட்டும் குழலுடைய ட்ராம்போன் ஒன்றே இக்குறை இல்லாதது. பீத்தோவன் 1812இல் லின்ஸ் நகரில் கல்லறைத் திருநாளுக்கென நான்கு ட்ராம்போன்களுக்கு மூன்று சிறு இசைகள் எழுதியதும், 1827இல் அவருடைய இறுதி ஊர்வலத்திலேயே அவை பயன்பட்டதும் ஈண்டு நினைக்கத்தக்கன. அவருக்கும் எக்காளத்தை வைத்து அத்தகைய அக இசை எழுத வழியிருக்கவில்லை. ஷ்டோல்ட்செல், ப்ளூமெல் என்னும் இருவர் 1818இல் பெர்லினில் வால்வுக்கு உரிமம் பெற்ற பின்னரே எக்காளமும் கொம்பும் எல்லாச் சுரங்களையும் பேசக் கற்றன. ஐவரில் அடிக்குரல் தாங்கும் ட்யூபா பிறந்ததே 1835இல்தான்.

இன்னொரு செய்தியும் உண்டு. வில் பிடித்த கை மாலை முழுதும் தந்திமேல் ஓடலாம். உதடு அவ்வாறு உழைக்காது, தளர்ந்துவிடும். எனவே பித்தளைக் கருவிக்கு எழுதுபவர் ஓய்வையும் சேர்த்தே எழுதியாக வேண்டும். யார் எப்போது பேசாமலிருப்பது என்பதை முடிவு செய்வது இக்கலையில் பாதி வேலை. நல்ல படைப்பில் இந்த இயற்கைத் தேவை அழகாக மாறிவிடுகிறது. தீய படைப்பில் தேவையாகவே நின்றுவிடுகிறது.

முன்னோர்

இம்மரபுக்கு முன்னோர் இல்லாமலில்லை. வெனிசு நகரின் புனித மாற்கு தேவாலயத்தில் பணியாற்றிய ஜியோவான்னி கேப்ரியேலி, 1597இல் வெளியிட்ட தொகுப்பில் ‘மெல்லவும் உரக்கவும்’ என்று பொருள்படும் பெயருடைய ஒரு சொனாட்டாவைச் சேர்த்திருக்கிறார். எட்டுக் குரல்கள் இரு குழுக்களாகப் பிரிந்து ஒன்றுக்கொன்று விடை சொல்லும் இசை அது. அதன் எட்டுக் கருவிகளில் ஆறு ட்ராம்போன்கள். எந்தக் கருவி, எவ்விடத்தில் மெல்ல, எவ்விடத்தில் உரக்க என்று அச்சிலேயே குறித்த மிகப் பழைய இசைகளுள் ஒன்று என்ற சிறப்பும் அதற்கு உண்டு. பித்தளையின் பெருமை முழக்கத்தில் மட்டும் இல்லை, முழக்கத்துக்கும் மென்மைக்கும் இடையிலுள்ள தொலைவில் இருக்கிறது என்பதை நானூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கண்டுகொண்டார்.

செருமானிய நகரங்களில் ஊராட்சியின் ஊதியம் பெற்ற நகர இசைஞர்கள் கோபுரத்தின்மேல் நின்று நாழிகை தோறும் வாசித்தார்கள். லைப்சிக் நகரில் அவ்வாறு வாசிப்பதற்கென யோஹான் பெட்செல் 1670இல் ஒரு தொகுப்பையே வெளியிட்டார். அதன் பின் நெடிய இடைவெளி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பீட்டர்சுபர்க்கில் விக்டர் எவால்டு என்பவர் பித்தளை ஐவருக்கு நான்கு இசைகள் எழுதத் தொடங்கினார். அவர் தொழிலால் கட்டடப் பொறியியல் பேராசிரியர். மாலை வேளையில் செல்லோ வாசிப்பவர். நான்கில் மூன்று நெடுங்காலம் அச்சேறாமல் கிடந்து, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே மேடை கண்டன. பகலில் அலுவலும் மாலையில் கலையுமாக வாழ்ந்த ஒருவர் இத்துறையின் மூலவர்களுள் ஒருவராக அமைந்தது நம் போன்றோருக்கு ஆறுதல் தரும் செய்தி.

1922இல் பிரான்சின் பூலென்க் எக்காளம், கொம்பு, ட்ராம்போன் ஆகிய மூன்றுக்கு ஒரு சொனாட்டா எழுதினார். வீதியோர வேடிக்கைக்காரர்களின் நகைச்சுவை கலந்த சிற்றிசை அது. 1932இல் செருமானியரான ஹிண்டமித், ப்ளோன் நகரப் பள்ளி மாணவர்களுக்காக எழுதிய இசைநாள் தொகுப்பில், கோபுரத்திலிருந்து வாசிக்க ஒரு காலையிசை அமைத்தார். பழைய கோபுர மரபை அறிந்தே அவர் அதைத் தொட்டார்.

ஐவர் கூடியது

ஆயினும் படைப்பு பெருகுவதற்கு நிலையான குழு வேண்டும். பேரிசைக் குழுவில் பித்தளைக் கலைஞர்கள் பின்வரிசையில் அமர்ந்து, நூறு தாளம் எண்ணிக் காத்திருந்து, உச்சத்தில் சில கணம் முழங்கிவிட்டு மீண்டும் எண்ணத் தொடங்குகிறார்கள். இந்நிலையில் மனம் நிறையாதவர்களே புதிய குழுக்களை அமைத்தார்கள். லண்டனில் பிலிப் ஜோன்ஸ் 1951இல் தம் பெயரால் ஒரு குழுவைத் தொடங்கி, 1986இல் ஓய்வு பெறும்வரை நடத்தினார். 1954இல் நியூயார்க் பித்தளை ஐவர் குழுவும், 1960இல் அமெரிக்கப் பித்தளை ஐவர் குழுவும், 1970இல் டொரான்டோவில் கனடியப் பித்தளைக் குழுவும் தோன்றின.

இரண்டு எக்காளம், ஒரு கொம்பு, ஒரு ட்ராம்போன், ஒரு ட்யூபா என்பதே பெரும்பாலோர் ஏற்ற அமைப்பு. அமெரிக்கக் குழுவோ ட்யூபாவை விலக்கி அடிக்குரல் ட்ராம்போனை ஏற்றது. இது வெறும் கருவித் தேர்வு அன்று, ஒரு கலைக்கொள்கை. ட்யூபா அகன்ற தரை. மற்ற நால்வரும் அதன்மேல் நிற்பர். அடிக்குரல் ட்ராம்போனோ மெலிந்து தெளிந்த குரல். நால்வரோடு தோளுரசி நிற்கும். ஒருவர் தாங்க மற்றவர் ஆடுவதா, ஐவரும் ஒரே தளத்தில் நிற்பதா என்ற வினாவுக்கு இரு குழுவினரும் இரு விடை தந்தனர். அக இசையின் இலக்கணத்துக்கு இரண்டாம் விடையே நெருக்கமானது என்பது நம் கருத்து. செவிக்கு இதமானது முதல் விடை என்பதையும் மறுப்பதற்கில்லை.

சில படைப்புகள்

மால்கம் ஆர்னால்டு 1961இல் நியூயார்க் குழுவுக்காக எழுதிய ஐவரிசை இத்துறையின் வாயிற்படி. ஆர்னால்டே லண்டன் பில்ஹார்மானிக் குழுவில் எக்காளம் வாசித்தவர். எங்கே மூச்சு முட்டும், எங்கே உதடு பறக்கும் என்பதைத் தம் உடம்பால் அறிந்தவர். முதற்பகுதியில் எக்காளங்கள் இரண்டும் ஒன்றையொன்று துரத்தும் துள்ளலும், இறுதிப் பகுதியின் ஓட்டமும் கேட்டவுடன் மனத்தைக் கவர்வன. ஆயின் படைப்பின் உயிர் இடையிலுள்ள நிதானப் பகுதியில் இருக்கிறது. ‘சக்கோன்’ என்னும் பழைய வடிவத்தில், ஒரே சுரக்கோவை மீண்டும் மீண்டும் வர, அதன்மேல் துயரம் அடுக்கடுக்காக ஏறுகிறது. சிரித்துப் பேசும் நண்பர் நடுவில் ஒரு கணம் மௌனமாகி, மீண்டும் சிரிக்கத் தொடங்கினால் நமக்கு என்ன தோன்றுமோ, அதுவே இறுதிப் பகுதியைக் கேட்கும்போது தோன்றுகிறது. அந்தத் துயரத்தை ஆர்னால்டு இன்னும் சற்று நேரம் தாங்கியிருக்கலாம். நகைச்சுவை அவருக்குச் சில வேளை மறைவிடமாகிவிடுகிறது.

எலியட் கார்ட்டர் 1974இல் அமெரிக்கக் குழுவுக்கு எழுதிய ஐவரிசை இதற்கு நேர் எதிர்முனை. ஐவர் கூடி நிதானமும் கம்பீரமும் உடைய ஓர் இசையை வாசிக்க முற்படுகிறார்கள். தொடங்கிய சற்றைக்கெல்லாம் ஒருவர் குறுக்கிடுகிறார். மூவர் தனியே பிரிகிறார்கள். இருவர் ஒதுங்கிப் பேசுகிறார்கள். நடுநடுவே ஐவரும் ஒரே நேரத்தில் தத்தம் போக்கில் பேசும் அமளிகள். எல்லாவற்றுக்கும் இடையில் கொம்பு மட்டும் தனித்து நெடுநேரம் தன் வழக்கை எடுத்துரைக்கிறது. முதன்முறை கேட்டபோது நமக்கு எரிச்சலே மிஞ்சியது. பிறகொரு நாள், அலுவலகக் குழுக் கூட்டம் ஒன்றில் ஐந்து உறுப்பினர் ஐந்து கருத்தைப் பேசிக் கலைந்த மாலையில் மீண்டும் கேட்டோம். அப்போதுதான் கதவு திறந்தது. ஐவர் ஒன்று கூடினால் இசைவு தானே வந்துவிடும் என்பது ஒரு மாயை. ஒவ்வொருவரும் தம் இயல்பை விடாமல் ஒரே அறையில் தொடர்ந்து அமர்ந்திருப்பதே பெரிய காரியம் என்பதை இப்படைப்பு சொல்கிறது. இதன் கடுமை நேர்மையான கடுமை. ஆயின் மூன்றாம் முறை கேட்கும் பொறுமை வாய்க்காதவர்க்கு இது தன்னைத் திறந்து காட்டாது. அதைக் குறை என்பதா, இயல்பு என்பதா என்பதை அவரவர் முடிவுக்கு விட்டுவிடுகிறோம்.

கிரேக்கரான செனாக்கிசு பொறியியல் பயின்றவர். சண்டிகர் நகரை வடிவமைத்த லெ கொர்பூசியேயின் பாரிசுப் பணிமனையில் 1947 முதல் 1959 வரை உழைத்தவர். அவர் 1972இல் கொம்பு, ட்ராம்போன், ட்யூபா மூன்றுக்கும் எழுதிய ‘லினையா-அகோன்’ ஒரு போட்டி. பாட்டில் அப்பல்லோ தேவனையே அறைகூவிய லினோசின் கிரேக்கக் கதை அதன் அடிப்படை. கலைஞர்கள் ஆட்டக்காரர்களைப்போல ஒருவர் நகர்த்தலுக்கு ஏற்ப மற்றவர் இசைப்பகுதியைத் தேர்ந்து, வெற்றி தோல்வி கணக்கிட்டு ஆடவேண்டும். எண்ணம் வியப்பூட்டுகிறது. செவிக்கோ அவ்வியப்பு முழுமையாக எட்டவில்லை. யார் வென்றார் என்பதைத் தாளில் கணக்கிட்டு அறியவேண்டியிருந்தால், அது ஆடுவோருக்கு அகமும் கேட்போருக்குப் புறமும் ஆகிவிடுகிறது. அவருடைய ‘ஈயோன்டா’ (1963–64) இதனினும் உயர்ந்தது. அதில் எக்காளமும் ட்ராம்போனுமாக ஐவர், திறந்து வைத்த பியானோவின் தந்திகளை நோக்கி ஊதுகிறார்கள். ஊதி நிறுத்திய பின்னும் தந்திகள் அதிர்ந்துகொண்டிருக்கின்றன. சொல் முடிந்த பின் கேட்டவன் நெஞ்சில் எஞ்சும் அதிர்வைக் கண்ணெதிரே காட்டிய காட்சி அது.

போலந்தின் லூட்டோசுலாவ்சுக்கி 1982இல் எழுதிய ‘மினி ஓவர்ச்சர்’ மூன்று நிமிட அளவினது. பெயருக்கேற்ற சிறுமை, செய்நேர்த்தியில் பெருமை. எந்தக் குரலையும் வீணாக்காமல், எந்தக் குரலையும் ஓயவிடாமல் ஒரு சிறு பேழையைச் செதுக்கித் தந்ததுபோல இருக்கிறது. இதனைப் பற்றி நீட்டிப் பேசுவது இதன் குணத்துக்கே மாறாகும்.

நம் உள்ளத்தில் நீங்காது நிலைத்த படைப்பு சப்பானியரான தக்கெமிட்சு 1974இல் பிலிப் ஜோன்ஸ் குழுவுக்காக எழுதிய ‘தோட்டத்து மழை’. தலைப்பும் தூண்டுதலும் ஒரு சிறுமி எழுதிய கவிதையிலிருந்து வந்தவை. பத்துக் கலைஞர்கள் இரு குழுக்களாக அமர்கிறார்கள். மெல்லிய சுரத்திரள் ஒன்று எழுந்து, நின்று, மங்குகிறது, பிறகு அமைதி, பிறகு மற்றொன்று. ஒலியடக்கி செருகிய எக்காளங்கள் இலை நுனியில் தங்கிய நீர்போல ஒளிர்ந்து மறைகின்றன. விரைவில்லை, வெற்றியில்லை, ஏவலில்லை. கேப்ரியேலியின் இரு குழுக்கள் பேராலயத்தில் ஒன்றையொன்று எதிர்கொண்டன. இங்கே இரு குழுக்கள் ஒரே மழையை இரு பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருக்கின்றன.

தக்கெமிட்சு 1930இல் பிறந்தவர். போரின் இறுதியாண்டுகளில், பதின்ம வயதில், படை முகாமில் கட்டாய உழைப்புக்கு அனுப்பப்பட்டார். மேனாட்டிசை விலக்கப்பட்டிருந்த அக்காலத்தில், 1944இல், முகாமில் ஒருவர் இரகசியமாகச் சுழலவிட்ட பிரெஞ்சுப் பாட்டு இசைத்தட்டே தம்மை இசைக்கு அழைத்தது என்று பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். ஏவலின் ஒலியை இளமையிலேயே மிகுதியாகக் கேட்டுவிட்ட ஒருவர், ஏவலுக்கென்றே பிறந்த கருவிகளைக் கையிலெடுத்து அவற்றை மழையாக்கினார். இதை அறியாமல் கேட்டாலும் அப்படைப்பு அழகே. அறிந்து கேட்கும்போது, ஒரு கருவிக்கு விடுதலை கிடைத்ததைக் கண்ட நிறைவு உண்டாகிறது.

சுரங்கத்தின் குரல்

இத்தகைய இசை கற்றோர் சிலரின் விளையாட்டே, உழைப்பவனுக்கும் இதற்கும் என்ன உறவு என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கவேண்டிய வினாவே அது. அதற்கு விடையாக யார்க்சயரின் கிரிம்தோர்ப் என்னும் நிலக்கரிச் சிற்றூரைக் காட்டலாம். அவ்வூர்ச் சுரங்கத் தொழிலாளரின் பித்தளை வாத்தியக் குழு 1917இல் தோன்றியது. இது ஐவர் குழு அன்று. இருபத்தைவர் அளவில் அமைந்தது. நாம் பேசும் அக இசையின் வேலிக்குச் சற்று வெளியே நிற்பது. ஆயினும் உறவு உண்மையானது. பிலிப் ஜோன்ஸ் குழுவில் எக்காளம் வாசித்த எல்கர் ஹோவர்த் இக்குழுவையும் நடத்தினார், அவர் தூண்டுதலால் ஹாரிசன் பர்ட்விசில் 1973இல் ‘கிரிம்தோர்ப் ஆரியா’வை இவர்களுக்காக எழுதினார், ஹென்சேயும் 1975இல் ஒன்று எழுதினார்.

பர்ட்விசிலின் இசையில் இனிமையான மெட்டு ஒன்றும் இல்லை. அடியாழத்திலிருந்து மெல்லக் கிளம்பும் இருண்ட திரள். நிலத்துக்குக் கீழே ஏதோ நகர்வதுபோன்ற உறுமல். இடையிடையே மனிதக் குரல்போல ஒரு தனிக்குழல். பேரிசை அரங்குகளில் பலர் முகம் சுளித்த இப்புது மொழியை, நிலக்கரி வெட்டும் ஊரின் குழு பயின்று வாசித்தது. கடினம் என்று அவர்கள் ஒதுக்கிவிடவில்லை. எளியோர்க்கு எளிய இசையே போதும் என்று முடிவு செய்பவர்கள் பெரும்பாலும் எளியோர் அல்லர் என்பதை இது காட்டுகிறது.

1992 அக்டோபரில் அச்சுரங்கம் மூடப்படும் என்ற செய்தி வந்தது. அதே திங்களில் அக்குழு பிரிட்டனின் தேசியப் போட்டியில் வாகை சூடியது. 1993இல் சுரங்கம் மூடப்பட்டது. 1996இல் வந்த ‘பிராஸ்டு ஆஃப்’ திரைப்படம் இக்கதையைத் தழுவியதே. சுரங்கம் போயிற்று, குழு நின்றது. தொழில் அழிந்த பின் ஓர் ஊர் தன்னைத் தானாக அறிந்துகொள்ள எது மிஞ்சும் என்ற வினாவுக்கு, அங்கே ஒரு பித்தளைக் குழல் விடையாக நின்றது.

இவ்விடத்தில் மற்றொன்றும் நினைவுக்கு வருகிறது. 1942இல் சின்சினாட்டி பேரிசைக் குழுவின் நடத்துநர் கூசன்சு போர்க்கால எழுச்சிக்காகப் பல இசையமைப்பாளர்களிடம் கட்டியமிசை கேட்டார். வந்தவை பதினெட்டு. மற்றவர்கள் படைகளையும் நேச நாடுகளையும் பாடியிருக்க, ஏரன் கோப்லண்டு ‘சாதாரண மனிதனுக்குக் கட்டியம்’ எழுதினார். வருமான வரி செலுத்தும் காலத்தில் அதை அரங்கேற்றுவதே பொருத்தம் என்று 1943 மார்ச்சு 12இல் அரங்கேற்றினார்கள். பதினெட்டில் இன்றும் உலகறிய ஒலிப்பது அது ஒன்றே. மன்னனுக்கு ஊதிய எக்காளம் முதன்முறையாக வரி கட்டுபவனுக்கு ஊதியது. 1986இல் ஜோன் டவர் என்னும் பெண் இசையமைப்பாளர், அதே பித்தளை அமைப்பைக் கொண்டு, துணிந்து செயலாற்றும் பெண்களுக்காக ‘சாதாரணமல்லாத பெண்ணுக்குக் கட்டியம்’ எழுதி அக்கதையை நிறைவு செய்தார். சுரங்கப் பொறியாளரின் மகளாகப் பொலிவியாவில் வளர்ந்த அவர், 2006இல் அமெரிக்கக் குழுவுக்கு எழுதிய ஐவரிசைக்கு, பித்தளையின் தாய் உலோகத்தை நினைந்து ‘செம்பலை’ என்று பொருள்படும் ‘காப்பர்வேவ்’ என்றே பெயரிட்டார். அடுத்தடுத்து மடிந்து எழும் அலைபோல ஒரு சிறு சுரத்தொடர் ஐவர் கைமாறிச் செல்வது அதன் அழகு.

இரண்டு குறைகள்

புகழ்ந்தே போவது மதிப்பீடு ஆகாது. இத்துறையில் நாம் காணும் குறைகள் இரண்டு.

முதலாவது, இரவல் மிகுதி. பாக்கின் ஆர்கன் இசை, வயலின் இசை, சாஸ் பாட்டு என எல்லாவற்றையும் ஐவருக்கு மாற்றி எழுதி வாசிப்பது பெருவழக்கு. கனடியக் குழு இதைக் கலகலப்போடு செய்து உலகெங்கும் அவையை ஈர்த்தது. பிலிப் ஜோன்ஸ் குழுவும் ஹோவர்த் மாற்றியமைத்த முசோர்க்சுக்கியின் ‘கண்காட்சிச் சித்திரங்க’ளை வாசித்துப் புகழ் பெற்றது. இரவலை அறவே பழிக்க நமக்கு மனமில்லை. அக்கதவு வழியாக உள்ளே வந்தவர்களே பின்னர் கார்ட்டரையும் கேட்டிருப்பார்கள். ஆயின் மொழிபெயர்ப்பு நூல்கள் மட்டுமே அடுக்கிய நூலகத்தை ஒரு மொழியின் இலக்கியம் என்று எவரும் சொல்லமாட்டார். வந்தவர்களைக் கூடத்திலேயே உபசரித்து அனுப்பிவிட்டு, உள்ளறையைக் காட்டாமலிருப்பது விருந்தோம்பல் ஆகாது.

இரண்டாவது, உத்தி மயக்கம். ஒலியடக்கிகளில்தான் எத்தனை வகை! குழலை நடுக்குவது, உறுமுவது, வழுக்குவது, ஒலியின்றி மூச்சை மட்டும் ஊதுவது எனப் புதுமைகள் பலவற்றை 1960க்குப் பின் வந்தோர் கண்டனர். தக்கெமிட்சுவிடம் ஒலியடக்கி மழைத்துளியானது. திறம் குறைந்தவரிடம் அது ஒலியடக்கியாகவே நிற்கிறது. அணி இருந்தால் கவிதை ஆகிவிடும் என எண்ணும் புதுக்கவிஞரை நாம் அறிவோம் அல்லவா? இங்கும் அதே நோய்தான். உணர்ச்சி உத்தியைத் தேடவேண்டும். உத்தி உணர்ச்சியைத் தேடி அலையக் கூடாது.

நிறைவாக

பித்தளை அக இசை தேறியதா என்ற முதல் வினாவுக்குத் தேறியது என்றே விடை கூறுகிறோம். கார்ட்டரும் தக்கெமிட்சுவும் எழுதிய இரண்டு மட்டுமே எஞ்சியிருந்தாலும் இம்மரபு தன் இருப்பை மெய்ப்பித்ததாகும். ஒன்றில் ஐவர் ஒத்துப்போகாமலே ஒருங்கிருக்கக் கற்கிறார்கள். மற்றொன்றில் பதின்மர் தம் வலிமையை அடக்கிக்கொண்டு கேட்கக் கற்கிறார்கள். தந்திக் கருவிக்கு மென்மை இயற்கை; அதனிடம் மென்மையைக் கண்டு நாம் வியப்பதில்லை. ஒரு பெருங்கூடத்தையே அதிரவைக்க வல்ல கருவி, அருகிலிருப்பவரின் குரல் மறையாதபடி தன் மூச்சை அளந்து விடும்போது, அந்த அடக்கத்துக்கு ஒரு தனி மதிப்பு ஏற்படுகிறது. வலியவன் தாழ்த்திப் பேசும் குரலுக்கும், வலிமையற்றவன் தாழ்த்திப் பேசும் குரலுக்கும் வேறுபாடு உண்டு. அவ்வேறுபாடே இவ்விசையின் சுவை.

இவற்றைக் கேட்டுப் பழகிய பின் விஜய் சௌக்கு விழாவும் நமக்கு முன்புபோல ஒலிப்பதில்லை. குழுக்கள் ரைசினா மேட்டை நோக்கி நடந்து மறையும்போது முழக்கம் சிறுகச் சிறுகத் தேய்கிறது. முன்னெல்லாம் அதை விழா முடிந்ததன் அடையாளமாக எண்ணிக் கம்பளிப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு விரைவோம். இப்போது அவ்வொலி முழுதும் அடங்கும்வரை நின்று கேட்கிறோம்.